மூத்தாப்பாவின் ரேடியோவுக்குப் புதிய அம்ப்ளிஃபயர்



மாத்தளை, உக்குவளை, கலேவெல என நம் மாவட்டத்தின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒரு மரப்பெட்டி ரேடியோவைக் காணலாம். அலுமாரியின் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருப்பார்கள். தூசி தட்டுவது நீங்கள்தான். "இன்னும் எதற்கு இது?" என்று பழைய சாமான் வாங்க வருபவர் கேட்பார். "இதற்குள் புதிய அம்ப்ளிஃபயர் பூட்டினால் கைபேசியிலிருந்து கிராஅத் கேட்கலாமே" என்று மகன் சொல்வான். இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வது?

மகனின் யோசனை நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. நாளைக்கு வேறொருவர் விரும்பினால் பெட்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவர முடிய வேண்டும். அப்படிச் செய்தால் பொருளும் பிழைக்கும், நினைவும் பிழைக்கும்.

அந்தப் பெட்டி கண்ட காலம்

நம் நாட்டில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் நமக்கு அருகிலுள்ள கண்டிக்கு வந்தது. அந்தப் படையினருக்காக நிறுவப்பட்ட வானொலி நிலையம் போருக்குப் பின் நம் அரசாங்கத்தின் கைக்கு வந்து, 1949இல் 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. 1967இல் அது கூட்டுத்தாபனமானது.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க ஆண்டுதோறும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ரேடியோ உள்ள வீட்டில் அயலவர்களும் வந்து கூடுவார்கள். ரமழானில் நோன்பு துறக்கும் நேரத்தை எதிர்பார்த்து முஸ்லிம் சேவைக்குக் காது கொடுத்த தலைமுறை அது. இன்று நம் வானொலிகள் பெரும்பாலும் எஃப்.எம்.மில்தான் ஒலிக்கின்றன. பழைய பெட்டிகள் பலவற்றில் எஃப்.எம். வசதியே இல்லை. பெட்டி ஊமையாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் அது யாருடையது?

திருகாணியைக் கையில் எடுக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். மூத்தாப்பா வபாத்தாகிவிட்டால் அவருடைய ரேடியோவும் அவர் விட்டுச் சென்ற சொத்தில் அடங்கும். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பங்கு காணிக்கும் வீட்டுக்கும் மட்டும் உரியதல்ல, இந்தப் பெட்டியிலும் உண்டு. பெண்மக்களுக்கும் பங்குண்டு. 'பெட்டி என் வீட்டில்தானே இருக்கிறது' என்பதால் ஒருவர் அதை விற்றுவிடவோ வெட்டிவிடவோ கூடாது. பாகம் பிரிக்கப்படவில்லையென்றால் எல்லோரிடமும் கேட்டு, மனப்பூர்வமான சம்மதம் பெறுங்கள். பருவமடையாத வாரிசு இருந்தால், அவருடைய பங்கை வேறொருவர் விட்டுக்கொடுக்க முடியாது. சிறு பொருள்தானே என்று நினைக்காதீர்கள். சகோதர சகோதரிகளின் மனக்கசப்பு பெரும்பாலும் சிறு பொருளில்தான் ஆரம்பமாகிறது.

பிளக்கைச் செருக வேண்டாம்

நெடுங்காலம் பாவிக்காத ரேடியோவை 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று மின்சாரத்தில் செருகுவது ஆபத்து. அதற்குள் இருக்கும் கபாசிட்டர்கள் காலப்போக்கில் பழுதடைந்திருக்கும். மின்சாரம் பட்டவுடன் ட்ரான்ஸ்ஃபோமர் எரிந்துபோகலாம். வால்வு ரேடியோவுக்குள் 250 வோல்ட் அளவிலும் மின்சாரம் ஓடும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கபாசிட்டரில் அது தங்கியிருக்கக் கூடும். ஆகவே பின்பலகையைக் கழற்றுவது பிள்ளைகளின் விளையாட்டாக இருக்கக் கூடாது. பழைய ரேடியோ திருத்தத் தெரிந்தவரை அழைத்து, முதலில் அது திருந்துமா என்று கேளுங்கள். திருந்துமென்றால் திருத்துவதே மேல்.

மின்மாற்றி இல்லாமல் செய்யப்பட்ட பெட்டிகளும் உண்டு. அவற்றின் உள் இரும்புச் சட்டம் 230 வோல்ட் மின்கம்பியோடு நேரடியாகத் தொடர்புடையது. இத்தகைய பெட்டியில் கைபேசி செருக ஒரு துளையை வைத்து, அந்தச் சட்டத்தோடு இணைத்துவிட்டால், வயர் வழியே மின்சாரம் கைபேசிக்கே வந்துவிடும். உயிர் போகும் விடயம் இது. அப்படிச் செய்துதரச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

அம்ப்ளிஃபயரைப் பூட்டும் முறை

பழைய பாகங்களை அப்படியே உள்ளே இருக்க விடுங்கள். பழைய மின்சார வயரை மட்டும் முழுமையாகக் கழற்றிவிட வேண்டும். அப்போது குமிழ்களும், ஊர்ப்பெயர்கள் எழுதிய கண்ணாடியும் முன்போலவே இருக்கும். ஆனால் பழைய பாகங்களுக்குள் மின்சாரம் போகாது.

புளூடூத் உள்ள சிறிய அம்ப்ளிஃபயர் தகடு ஒன்றை ஒரு சிறு பலகையில் பொருத்தி, பெட்டியின் அடியில் வையுங்கள். மின்சாரம் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து வரட்டும். அடாப்டர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். வயர் வருவதற்குப் பின்பலகையில் ஏற்கெனவே உள்ள துளை போதும். புதிதாக மரத்தைத் துளைக்க வேண்டாம்.

ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு பழைய வயர்களைக் கழற்றி, அடையாளமிட்டு ஒதுக்கிக் கட்டுங்கள். பிறகு ஸ்பீக்கரை அம்ப்ளிஃபயரோடு இணைக்கலாம். அதற்குமுன் அதன் ஓம் அளவைப் பார்த்து, பொருந்தும் அம்ப்ளிஃபயரை வாங்க வேண்டும். இடது, வலது என இரண்டு வழியுள்ள தகடாக இருந்தால் இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுக்காதீர்கள், தகடு எரிந்துவிடும். ஒரு வழி மட்டுமே உள்ள மோனோ தகடே நல்லது.

போருக்கு முந்திய பெட்டிகள் பலவற்றில் ஸ்பீக்கரின் காந்தமே ரேடியோவின் மின்சாரத்தால்தான் இயங்கும். அது புதிய அம்ப்ளிஃபயருக்குச் சரிவராது. அப்படியானால் உள்ளே வேறொரு சிறு ஸ்பீக்கரை வையுங்கள், பழையதை வெட்டாதீர்கள்.

'ஐம்பது வாட் போடுவோம்' என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அந்தக் காலப் பெட்டிகள் பல மூன்று, நான்கு வாட்டில்தான் வீட்டை நிறைத்தன. அளவு மீறினால் பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழியும். நல்லதைக் கேட்டாலும், அயலவரின் தூக்கத்தைக் கெடுக்காத சத்தத்தில் கேட்பதே முஃமினின் பண்பு.

நம் மலைப்பகுதியில் ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த நேரத்தில் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். கூரையில் பழைய ஏரியல் கம்பி இருந்தால் அதையும் அகற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. என்னென்ன கழற்றப்பட்டது, எந்த வயர் எங்கிருந்தது என்று ஒரு தாளில் எழுதி, கழற்றிய வயரோடும் ஆணிகளோடும் ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் நாளை அதைத் திறக்கலாம்.

மார்க்கம் வீண்விரயத்தைத் தடுக்கிறது. அமானத்தைப் பேணச் சொல்கிறது. பாவிக்கக்கூடிய பொருளைக் குப்பையில் எறியாமலும், பிறர் பங்கைப் பறிக்காமலும், பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து வராமலும் இந்தப் பெட்டியைப் பேச வைத்தால், மூத்தாப்பாவுக்காக துஆச் செய்ய ஒரு காரணம் நம் வீட்டில் நிலைத்திருக்கும். அல்லாஹ் நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, நம் வீடுகளில் பரக்கத்தை நிறைத்து வைப்பானாக! ஆமீன்.