பத்தாவது ஆள்

மதுரையிலிருந்து போடி, மூணாறு வழியாக மலை கடந்தால் கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. சுற்றுலா செல்லும் நம் பங்கு மக்கள் தரையிலுள்ள சீன ஓடுகளை வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கு நிலவிய குழு வாழ்வையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பாஸ்கா விழாவுக்குக் கொச்சி யூதப் பெண்கள் வாரக்கணக்கில் ஆயத்தம் செய்வார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்து, புளித்த மாவின் துணுக்கும் கலந்துவிடாதபடி அரிசியை மணி மணியாகப் பொறுக்குவார்கள். தோரா மகிழ்ச்சி விழாவிலோ கொச்சி யூதர்கள் திருச்சட்டச் சுருள்களை ஏந்தி, தொழுகைக்கூடத்தின் வெளியே பாடிக்கொண்டு சுற்றி வருவார்கள். நம் நற்கருணைப் பவனிதான் நினைவுக்கு வருகிறது!

யூத மரபுப்படி பொது வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். (இன்று சில பிரிவினர் பெண்களையும் எண்ணுகின்றனர்.) ஒன்பது பேர் இருந்தால் அவரவர் செபிக்கலாம், சுருளைத் திறந்து வாசிக்க முடியாது, இறந்தோருக்கான கதீஷ் மன்றாட்டையும் சொல்ல முடியாது.

1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபின், 1950-களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். யாரும் விரட்டவில்லை, விரும்பியே சென்றார்கள். எஞ்சியவர்கள் காலப்போக்கில் பத்துப் பேருக்காக, வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளை எதிர்பார்த்தார்கள்.

நம் கிளைக் கிராமங்களிலிருந்தும் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். கிறிஸ்து பிறப்புக்குத்தான் வருகிறார்கள். ஊரில் இருக்கும் நாமோ, அன்பியக் கூட்டத்துக்கு அழைத்தால், "மற்றவர்கள் வருவார்கள்தானே?" என்கிறோம்.