மலைப்பாதையில் டிராக்டரின் அடிவயிறு

சின்னக்கானல் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இப்போது நல்ல சாலை. மூணாறிலிருந்து போடிமெட்டு வரை சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி, 2024 ஜனவரியில் முறைப்படி திறந்துவைத்தார்கள். கேப் ரோட்டில் பாறை சரிந்து போக்குவரத்து முடங்கிக் கிடந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் அந்தச் சாலையை விட்டு ஏதாவது ஒரு தோட்டத்துப் பாதையில் இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே கதை மாறிவிடும். தார் தேய்ந்து காணாமல் போயிருக்கும். எப்போதோ பாவிய கருங்கல், மழை மண்ணை அரித்துக்கொண்டு போனதால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பாதைகளில் ஓடுபவை ஜீப்பும் டிராக்டரும்தான்.

விடியற்காலையில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு வரிசைகட்டி ஏறும் ஜீப்புகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். டிராக்டரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பறித்த கொழுந்தை எடைபோடும் இடத்திலிருந்து பாக்டரிக்குக் கொண்டுபோவது, உர மூட்டை ஏற்றுவது, தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு யூகலிப்டஸ் விறகு இழுப்பது எல்லாம் அதன் வேலை. சாக்கில் இறுக்கிக் கட்டிய பச்சை இலை உள்ளுக்குள்ளேயே சூடேறும். சூடேறிய இலை சிவந்து போகும். சிவந்த இலையில் நல்ல தூள் வராது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை தேவை. இரண்டு டன் கொழுந்தோடு ஒரு டிராக்டர் நடுவழியில் படுத்துவிட்டால், நானூறு கிலோவுக்கு மேற்பட்ட தேயிலையின் தரம் அந்தப் பாதையிலேயே போய்விடுகிறது. பறித்த பெண்களின் ஒரு நாள் உழைப்பு அது.

இந்த மலையில் சரக்கை ஏற்றி இறக்குவது என்றைக்குமே பாதையோடு நடக்கிற மல்லுக்கட்டுதான். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். 1908-ல் அதை இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றி நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு போடி பக்கத்தில் இறங்கின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடியோடு பெயர்த்துவிட்டது. பிறகு அதை யாரும் திரும்பப் போடவில்லை. அதன்பின் சுமை எல்லாம் சாலைக்கும் சக்கரத்துக்கும் வந்து சேர்ந்தது.

டிராக்டர் உயரமான வண்டி, அதற்கு அடியில் என்ன தட்டிவிடப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நம் ஊரில் விற்கிற 35 முதல் 45 குதிரைத்திறன் வண்டிகளின் தரை இடைவெளி சுமார் 35 முதல் 40 சென்டிமீட்டர். பழைய ஜீப்புக்கு ஏறக்குறைய 20தான். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் இயந்திரச் சோதனை நிலையம், தான் சோதிக்கும் ஒவ்வொரு டிராக்டருக்கும் இந்த அளவைக் குறித்துவைக்கிறது; வண்டியின் எந்தப் பாகம் தரைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறது. ஒரு வண்டியில் அது கிளட்ச் ஹவுசிங்காக இருக்கும், இன்னொன்றில் டிரெய்லர் கொக்கியைத் தாங்கும் பிராக்கெட்டாக இருக்கும். வண்டி வாங்குகிறவர்கள் குதிரைத்திறனையும் மைலேஜையும் கேட்கிறார்கள். மலையில் ஓட்டப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இந்த வரியைத்தான்.

ஆனால் அந்த 35 சென்டிமீட்டர் சமதரையில் அளந்தது. தோட்டத்துப் பாதையில் தினமும் ஒரே தடத்தில் சக்கரம் ஓடி ஓடி, இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மேடு எழும்பிவிடும். தடம் 15 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் கையில் மிச்சம் 20. அந்த நடுமேட்டில் பதிந்திருக்கும் ஒரு கல் 20 சென்டிமீட்டர் தலையை நீட்டினால் கணக்கு முடிந்தது. மழைக்காலத்தில் டயர் இன்னும் நாலு விரல் சேற்றில் இறங்கும்.

நடுமேட்டுக் கல்லாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிடக் கெட்டது படுத்துக் கிடக்கும் நீளக் கல். முன் டயர் அதன் ஒரு முனையை மிதிக்கும். மிதித்த வேகத்தில் மறுமுனை எழும்பும். டயர் கடந்துபோகும் அந்த நொடியில் கல் செங்குத்தாக நிற்கும். சரியாக அதே நேரத்தில் இன்ஜினின் அடிப்பாகம் அதன் மேலே வந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு 'டங்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். திரும்பிப் பார்த்தால் பாதையில் ஒன்றும் இருக்காது, கல் பழையபடி படுத்திருக்கும்.

லாரியில் இருப்பதுபோல டிராக்டருக்குத் தனிச் சட்டம் பெரும்பாலும் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்துவிடுகிறார்கள். அந்த வார்ப்புகளே முதுகெலும்பு. 1917-ல் வந்த போர்ட்சன் டிராக்டர் இந்த முறையைப் பெருவாரியாகப் பரப்பியது. விலை குறைந்தது, வண்டி உறுதியானது. ஆனால் காக்க வேண்டிய பாகமும் சுமையைத் தாங்குகிற பாகமும் ஒன்றாகிவிட்டன. வார்ப்பிரும்பு நெளியாது, பிளக்கும். கல் பட்டு விரிசல் விட்ட வார்ப்பைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால், பக்கத்திலேயே இன்னொரு விரிசல் ஓடும். முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியால் சிறுகச் சிறுக ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

சில வண்டிகளில் ஆயில் சேம்பர் தகட்டால் ஆனது. அது பிளக்காது, உள்ளே அமுங்கும். ஒழுகவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சேம்பரின் அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சும் வலைக்கும் தகட்டுக்கும் நடுவே கொஞ்சம்தான் இடைவெளி. தகடு அமுங்கி வலையை நெருங்கிவிட்டால் பம்புக்கு ஆயில் சரியாகப் போகாது. ஏற்றத்தில் முழு மூச்சோடு ஓடும் இன்ஜினுக்கு அப்போது பேரிங் தேய ஆரம்பிக்கும். தட்டிய நாளுக்கும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் நாளுக்கும் நடுவில் பல வாரங்கள் இருக்கலாம். காரணம் தெரியாமல் டிரைவர் மேல் பழி விழும். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு: கல் தட்டியதை டிரைவர் அன்றைக்கே சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்த இடத்தில் அவர் சொல்லமாட்டார். சொல்லாத அடிதான் இன்ஜினைத் தின்கிறது.

பின்பக்கம் அடிபட்டாலும் விஷயம் சின்னது இல்லை. பல டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக் இரண்டுக்கும் ஒரே ஆயில்தான். ஆயிலில் மூழ்கி ஓடும் பிரேக் உள்ள வண்டியில் பிரேக்குக்கும் அதே ஆயில்தான் குளிர்ச்சி தருகிறது. அடியில் இருக்கும் டிரெயின் நட்டின் தலை கல்லில் பட்டுத் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஆயில் போய்க்கொண்டே இருந்தால், சுமையோடு இறங்கும்போது பிரேக் சூடேறித் தேயும். கவாத்து வெட்டிய தோட்டத்துக்குள் போகும் வண்டிக்கு இன்னொரு ஆபத்து. சாய்த்து வெட்டிய தேயிலைக் குச்சி, பெருவிரல் கனத்தில், ஈட்டி முனையோடு மேல் நோக்கி நிற்கும். முன் ஆக்ஸில் ஓரமாக ஓடும் பவர் ஸ்டியரிங் ஹோஸை அது கிழித்தால் அந்த வளைவிலேயே ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

சின்னக்கானலில் வண்டி நடுவழியில் நிற்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இது யானைகளின் வழி. பன்னியாறு ரேஷன் கடையை மறுபடி மறுபடி உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று இங்கேதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் போனாலும் மற்ற யானைகள் இங்கேதான் நடமாடுகின்றன. மாலை மயங்கும் நேரத்தில் ஆனையிறங்கல் பக்கத்துப் பாதையில் ஒரு டிராக்டர் ஆயிலைக் கொட்டிவிட்டு நின்றால், அதை விட்டுவிட்டு நடந்து வருவதும் ஆபத்து, அதோடு காத்திருப்பதும் ஆபத்து. வண்டியின் அடியைக் காக்க அடித்தகடு போடுவதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தகடு போட்டால் போதுமா என்றால், எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கிடைத்த இரும்புத் தகட்டை வெட்டி, வார்ப்பின் மேலேயே வெல்டு வைத்துவிடுவது ரொம்பத் தப்பு. வெல்டிங் சூடே வார்ப்பில் விரிசலைத் தொடங்கிவைக்கும். வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பிராக்கெட் மாட்டி, அதில் தகட்டைப் பிடிக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கனம் பெரும்பாலான வேலைக்குப் போதும். மூன்றடி நீளம், இரண்டடி அகலத்தில் அது சுமார் 22 கிலோ வரும். 10 மில்லிமீட்டர் போட்டால் எடை இரட்டிப்பாகும், கழற்ற இரண்டு ஆள் வேண்டும். கனத்தைவிட முக்கியம் வடிவம்: முன்விளிம்பைப் படகின் மூக்குபோல மேல்நோக்கி வளைத்தால் கல் அதில் வழுக்கிக்கொண்டு போகும். வளைக்காத விளிம்பு கல்லில் கொத்தி நிற்கும். அந்த அதிர்ச்சி முழுக்க போல்ட் துளைகளுக்குப் போகும். போல்ட் தலைகள் தகட்டின் பரப்புக்குக் கீழே துருத்தக் கூடாது, துருத்தினால் முதல் பாறையிலேயே சீவப்பட்டுவிடும்.

தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். தகடு அமுங்கிச் சேம்பரில் இடித்தால், தகடு போட்டதில் பயனில்லை. முன் ஆக்ஸில் நடுவில் ஊசலாடும் பாகம். ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். அந்த அசைவு முழுவதற்கும் இடம் விட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி அளவெடுத்துப் போட்ட தகடு, முதல் பள்ளத்தில் ஆக்ஸிலோடு மோதும். டிரெயின் நட்டுக்கு நேர் கீழே ஸ்பானர் நுழைகிற அளவுக்கு ஓட்டை வேண்டும். நட்டின் தலை தகட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். பின்பக்கம் திறந்திருந்தால்தான் சேறு வெளியேறும். காய்ந்த இலையும் குச்சியும் தகட்டின் மேல் சேர்ந்து, அதில் ஆயிலும் ஊறினால் சூடான இன்ஜினுக்குக் கீழே தீப்பிடிக்கும் பொருளை நாமே அடுக்கிவைத்த மாதிரி. கடைசியாக, பத்து நிமிடத்தில் கழற்றி மாட்ட முடிய வேண்டும். கழற்றக் கஷ்டமான தகட்டை ஆயில் மாற்றும் நாளில் ஒருமுறை கழற்றினால், திரும்ப மாட்டாமல் பட்டறை மூலையில் சாய்த்துவிடுவார்கள்.

இது புதிய யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போர் கால ஜீப்பிலேயே கியர்பாக்ஸுக்கு அடியில் காப்புத் தகடு இருந்தது. பின்லாந்தின் வால்ட்ரா நிறுவனம் காட்டு வேலைக்கு விற்கும் டிராக்டர்களுக்கு அடிக்காப்பும் இரும்பு டீசல் டேங்க்கும் கொடுக்கிறது. மரக்கட்டையின் மேலும் பாறையின் மேலும் ஓடப்போகும் வண்டி என்று தெரிந்தே அப்படிச் செய்கிறார்கள். நம் கம்பெனிகள் சேற்றுழவுக்கென்று தனி மாடல் போடுகின்றன, பழத்தோட்டத்துக்கென்று குள்ள வண்டி செய்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக, நீலகிரி, வால்பாறை, வயநாடு, இடுக்கி என்று இத்தனை தேயிலை, ஏலத் தோட்டங்கள் இருந்தும், டிரைவரும் வெல்டிங் பட்டறைக்காரரும் அளவெடுத்துத் தட்டிக்கொள்கிற நிலைதான். வார்ப்பில் எந்த இடத்தில் பிராக்கெட் மாட்டலாம், எங்கே மாட்டக் கூடாது என்று சொல்ல வண்டியைச் செய்தவரைவிடத் தகுதியானவர் யார்? அந்தத் துளைகளையாவது போட்டுக் கொடுக்கலாம்.

தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டும் முறை ஒன்று உண்டு. பதிந்து நிற்கும் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுத் தாண்டக் கூடாது. சக்கரத்தை அதன் மேலேயே ஏற்ற வேண்டும். டயர் ஏறினால் வண்டியின் அடியும் கூடவே உயரும். நடுவில் விட்டால் கல்லும் சேம்பரும் நேருக்கு நேர். தடம் ஆழமாகிவிட்ட இடத்தில், ஓரம் உறுதியாக இருந்தால், ஒரு சக்கரத்தை நடுமேட்டின் மேல் வைத்து ஓட்டலாம். மழையில் ஊறிய ஓரத்தில் இதைச் செய்யவே கூடாது.

தட்டிய சத்தம் கேட்டால், முதலில் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, டயருக்குக் கட்டை போட்டு, அப்புறம் குனிந்து பார்க்க வேண்டும். ஆயில் விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்தே ஆக வேண்டும்; பாக்டரி பக்கத்தில்தானே என்று ஓட்டிப் போனால் கிராங்க் தேய்ந்துவிடும். சோப்பைத் தேய்த்து அடைப்பது டீசல் டேங்க்கின் ஊசித் துளைக்குச் சரி, சேம்பர் விரிசலுக்கு உதவாது. இரவு நிறுத்தும் இடத்தில் இன்ஜினுக்குக் கீழே ஒன்றும் கியர்பாக்ஸுக்குக் கீழே ஒன்றுமாகப் பழைய அட்டை விரித்துவைத்தால் காலையில் அதுவே சொல்லிவிடும்: கறுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில், தேன் நிறம் கியர் ஆயில், பாலாய்த் திரிந்திருந்தால் கியர் ஆயிலில் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இதையெல்லாம் சொன்னபின், பாதையைச் சொல்லாமல் விட்டால் டிரைவர்களுக்கு அநியாயம். மழை தொடங்குவதற்கு முன் நாலு ஆளும் கடப்பாரையும் கொடுத்தால், வண்டியின் அடியைத் தட்டுகிற கற்களில் பாதிக்குமேல் எடுத்துவிடலாம். பெயர்த்த கல்லைச் சரிவில் உருட்டிவிடாமல், உடைத்துத் தடப் பள்ளத்திலேயே போட்டு இடித்தால் தடமும் உயரும், நடுமேடும் இல்லாமல் போகும். ஏற்றமுள்ள இடங்களில் பாதைக்குக் குறுக்கே சாய்வாக வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிட்டால், டயர் தடத்தையே ஓடையாக்கிக்கொண்டு மண்ணை அரிக்கும் வேலையைத் தண்ணீர் செய்யாது. இந்த வேலைக்குப் போகும் கூலியையும் ஒரு சேம்பரின் விலையையும் தோட்ட நிர்வாகங்கள் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும். ஜூனில் மழை இறங்குவதற்குள் பார்த்தால் நல்லது.