வாங்கி முடித்த பின்னும் வரும் விளம்பரம்

சென்ற ஆண்டு எங்கள் தந்தையாருக்குக் காது சற்று மந்தமாயிற்று. மருத்துவர் காது கேட்கும் கருவி ஒன்றைப் பரிந்துரைத்தார். விலை விவரம் அறிய ஒரு மாலைப்பொழுது முழுவதும் அவருடைய கைபேசியிலேயே தேடினோம். மறுநாள் நாக்பூர் கடைவீதிக்கு நேரில் சென்று கருவியை வாங்கியும் வந்துவிட்டோம். அத்துடன் அந்தக் காரியம் முடிந்தது என்று இருந்தோம். ஆனால் அடுத்த நான்கு மாதங்களுக்கு, அவர் செய்தி படித்தாலும், ரயில் நேரம் பார்த்தாலும், பழைய திரைப்பாடல் கேட்டாலும், பக்கத்தில் ஒரு காது கேட்கும் கருவி தள்ளுபடி விலையில் வந்து நின்றது.

தந்தையார் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எதையும் பதிவேட்டில் குறிக்காமல் விடுவது அவர் வழக்கமன்று. பயன்படுத்தாத பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, நாள்தோறும் தமக்கு வந்த விளம்பரங்களை எழுதிவைக்கத் தொடங்கினார். காது கேட்கும் கருவி. தாணேயில் இரண்டு படுக்கையறை வீடு. பச்சிளங் குழந்தைகளுக்கான டயப்பர். கோயம்புத்தூர் நகைக்கடையின் சேமிப்புத் திட்டம். முழங்கால் வலித் தைலம். எழுபத்து மூன்று வயதுக்காரர் ஒருவருக்கு வந்த இந்தப் பட்டியலைப் படித்துச் சிரித்த நாங்கள், இவை ஏன் வந்தன என்று ஒவ்வொன்றாக ஆராயப் புகுந்தோம்.

முதற் பதிவின் காரணம் மிகப் பழையது. இணையப் பக்கங்களில் பட்டை வடிவ விளம்பரங்கள் தோன்றிய ஆண்டு 1994. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஹாட்வயர்ட் என்னும் இணைய இதழ் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் விளம்பரத்தை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டுல்லி ‘குக்கீ’ என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். ஓர் இணையதளம் தன்னிடம் முன்பு வந்தவரை மீண்டும் அடையாளம் காண்பதற்காக அவருடைய கணினியிலேயே விட்டுச்செல்லும் சீட்டு அது. கடைக்காரர் பழைய வாடிக்கையாளரை முகம் பார்த்து அறிவது போன்ற எளிய ஏற்பாடாகவே அது தொடங்கியது. பின்னர், ஆயிரக்கணக்கான தளங்களில் ஒரே விளம்பர நிறுவனம் இடம்பிடித்தபோது, ஒரு தளத்தில் வாங்கிய சீட்டை அது மற்றெல்லாத் தளங்களிலும் படிக்க முடிந்தது. கைபேசிச் செயலிகளில் இதே வேலையை விளம்பர அடையாள எண் செய்கிறது. கருவியின் விலையை நாங்கள் பார்த்ததை அந்தச் சீட்டு அறியும். கடைவீதியில் ரொக்கம் கொடுத்து வாங்கியதை அது அறியாது. ஆகவே, இன்னும் வாங்காமல் தயங்கி நிற்கும் ஒருவராகவே தந்தையாரை அது நான்கு மாதங்கள் கருதியது.

தாணே வீட்டின் கதை வேறு. கைபேசி இணைய இணைப்பில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கின்றனர். அந்த முகவரி நாம் வசிக்கும் ஊரைக் காட்டாமல், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நுழைவாயில் அமைந்த பெருநகரைக் காட்டுவதுண்டு. நாக்பூரில் அமர்ந்திருப்பவர் மும்பைப் பக்கத்தில் இருப்பதாக விளம்பரதாரர் எண்ணிக்கொள்வது இப்படித்தான். நகைக்கடை வந்தது, கைபேசியின் மொழியை அவர் தமிழில் வைத்திருப்பதால். டயப்பருக்குக் காரணம் எங்கள் தங்கை. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தவள் அவருடைய கைபேசியைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினாள்.

இவ்வளவும் நடப்பது ஓர் ஏலத்தின் வழியாக. எங்கள் ஊரின் கலம்னா சந்தையில் ஆரஞ்சு ஏலம் கேட்டவர்களுக்குத் தெரியும்: குவியலைப் பார்த்து, கையில் ஒன்றை எடுத்து முகர்ந்து, விலை கூறி முடிக்கச் சிறிது நேரமாவது ஆகும். இணைய ஏலத்தில் விற்பனைக்கு வருவது நம் கண் பார்வை. நாம் ஒரு பக்கத்தைத் திறந்த கணத்தில், நம் கருவியின் வகை, ஏறத்தாழ நாம் இருக்கும் இடம், படிக்கும் பொருள், அடையாள எண் ஆகியவை விளம்பரச் சந்தைக்கு அனுப்பப்படுகின்றன. கேட்பவர்கள் மனிதர் அல்லர், நிரல்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விலை முடிந்து, வென்றவரின் விளம்பரம் பக்கத்தில் வந்து அமர்கிறது. பக்கம் முழுமையாகத் தோன்றுமுன் நாம் ஒரு முறை விற்கப்பட்டாயிற்று.

முழங்கால் தைலத்தில் மட்டும் தந்தையார் எங்களுடன் உடன்படவில்லை. காலை நடையின்போது நண்பரிடம் முழங்கால் வலியைப் பற்றி வாயால் பேசியதாகவும், கைபேசியில் ஓர் எழுத்தும் தட்டவில்லை என்றும், மறுநாளே தைலம் வந்ததாகவும் அவர் சாதித்தார். கைபேசி ஒட்டுக்கேட்கிறது என்னும் இந்த ஐயம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தனர். பயனர் அறியாமல் ஒலிவாங்கியைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி எதையும் அவர்கள் காணவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நடப்பதைப் படமாகப் பதிந்து பிறருக்கு அனுப்பியதைக் கண்டனர். தைலத்தின் காரணத்தை எங்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. நண்பர் வீடு திரும்பித் தைலத்தைத் தேடியிருக்கலாம். இருவர் கைபேசிகளும் நாள்தோறும் ஒரே பூங்காவில் ஒரே நேரத்தில் இருந்தவை. எழுபது வயதைக் கடந்தவருக்குத் தைல விளம்பரம் காட்ட ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அதற்கு முன்பும் அது வந்திருக்கக்கூடும். பேசிய மறுநாள்தான் அது கண்ணில் பட்டிருக்கும். நாட்குறிப்பை அவர் அப்போது தொடங்கியிருக்கவில்லை என்பதை நினைவூட்டினோம். அவர் அதை விரும்பவில்லை.

ஒரு தனி மனிதரை மட்டுமே குறிவைக்கவும் இந்த ஏற்பாடு ஒரு காலத்தில் இடம் கொடுத்தது. 2014-இல் அமெரிக்கர் ஒருவர், தம்முடன் தங்கியிருந்த நண்பர் ஒருவர் கண்ணில் மட்டுமே படும்படி ஃபேஸ்புக்கில் விளம்பரங்கள் கொடுத்து விளையாடினார். அந்த நண்பர் வாள் விழுங்கும் வித்தைக்காரர். ஆனால் மாத்திரை விழுங்கத் திணறுபவர். விளம்பரம் அதைச் சுட்டியே வந்தபோது, தம்மைப் பற்றி யாருக்கோ எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவர் கலங்கிப்போனார். பிறந்த மாதத்தையும் குடும்பப் பெயரையும் அச்சிட்ட பனியன்களின் விளம்பரங்களும் அக்காலத்தில் ஃபேஸ்புக்கில் மலிந்திருந்தன. பள்ளிச் சேர்க்கைக்காக ஜூன் 1 என்றும், ஆதாரில் ஜனவரி 1 என்றும் பிறந்தநாள் பதிந்த மக்கள் நிறைந்த நம் நாட்டில் அந்த வியாபாரம் என்ன பாடுபட்டிருக்குமோ!

சிரிப்பு அடங்கும் இடமும் இதில் உண்டு. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் பெண் பத்திரிகையாளர் ஒருவர் 2018 டிசம்பரில் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார். அவருடைய குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. கருவுற்றதை விரைந்து அறிந்துகொண்ட விளம்பரங்கள், இழப்பை அறியவில்லை. இவை வேண்டாம் என்று அவர் அழுத்தியபோது, குழந்தை பிறந்துவிட்டது என்று நிரல் பொருள் கொண்டு, பாலூட்டும் தாய்மாருக்கான பொருள்களைக் காட்டத் தொடங்கியது. பரவலாகப் பகிரப்பட்ட அம்மடலுக்கு ஃபேஸ்புக்கின் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

நாட்குறிப்பின் ஐந்தாம் மாதப் பக்கத்தில் எங்களுக்கும் சிரிப்பு நின்றது. தந்தையாரின் வைப்புத்தொகை ஒன்று முதிர்வடையும் நேரம். மூத்த குடிமக்களுக்கான வட்டி விகிதங்களைப் பல வங்கிகளின் தளங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார். அடுத்த வாரமே அவருடைய திரையில், நாடறிந்த தலைவர் ஒருவர் தம் வாயாலேயே ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் புகழ்ந்து பேசும் காணொளி வந்தது. போலிக் காணொளிதான்; ஆனால் குரலும் உதட்டசைவும் பொருந்தியிருந்தன. தந்தையார் அதை அழுத்திப் பெயரும் எண்ணும் கொடுத்தார். அன்று மாலையே அழைப்பு வந்தது. பணிவான இந்தி. தொடக்கமாக 50,000 ரூபாய்.

கைபேசியில் பணம் அனுப்புவதை அவர் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கையே அவரைக் காத்தது. மறுநாள் வங்கிக் கிளைக்குச் சென்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். முகப்பில் இருந்த இளம் பெண் அதிகாரி கணக்கின் பெயரைப் பார்த்துவிட்டு, “காகா, இவரை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?” என்று மராத்தியில் கேட்டார். தந்தையார் சற்று நேரம் பேசாமல் நின்று, படிவத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். எங்களிடம் இரண்டு நாள் அவர் சொல்லவில்லை. நாட்குறிப்பில்தான் படித்தோம்.

இத்தகைய காணொளிகள் பற்றி எச்சரிக்கைகள் வராமல் இல்லை. தேசியப் பங்குச் சந்தை 2024 ஏப்ரலில், தன் தலைமை நிர்வாகி பங்குகளைப் பரிந்துரைப்பதாகக் காட்டும் காணொளிகள் போலியானவை என்று அறிவித்தது. ரிசர்வ் வங்கி அதே ஆண்டு நவம்பரில், தன் ஆளுநரின் உருவத்தில் உலவும் முதலீட்டு ஆலோசனைக் காணொளிகள் குறித்து எச்சரித்தது. ஆனால் எங்களைத் திகைக்க வைத்தது அதற்குப் பின் நடந்தது. அந்த விளம்பரத்தை அவர் அழுத்திய முந்தைய வாரத்தில் முதலீட்டு விளம்பரங்கள் மூன்று பதிவாகியிருந்தன. அழுத்திய பின் வந்த வாரத்தில் பதினொன்று. ஏமாற்று விளம்பரம் ஒன்றை அழுத்தியவரை, அவ்வகை விளம்பரங்களில் ஆர்வம் உடையவர் என்றே நிரல் கணக்கிடுகிறது. மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை ஆராய்ந்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் வெளியிட்ட செய்தியிலும் இந்தச் சுழல் குறிப்பிடப்பட்டிருந்தது. 2024-ஆம் ஆண்டு வருவாயில் சுமார் பத்து விழுக்காடு மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அவ்வாவணங்கள் மதிப்பிட்டிருந்ததாகச் செய்தி கூறியது. அது தோராயமான, மிகைப்பட்ட மதிப்பீடு என்பது நிறுவனத்தின் விளக்கம்.

மருத்துவமனைச் செலவைத் தேடியவருக்கு உடனடிக் கடன் செயலி வருவதும் இதே வழியில்தான். நம் அவசரத்தை விளம்பரம் நமக்கு முன்பே அறிகிறது. கடன் செயலிகள் கைபேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது. கடனின் முழுச் செலவையும் காட்டும் முக்கிய விவர அறிக்கையையும் அவை முன்கூட்டியே தர வேண்டும். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் உள்ளது. விளம்பரத்தில் கண்ட பெயரை அங்கே தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் தேடுபொறியில் தேட வேண்டாம். முதலில் வரும் முடிவு பணம் கொடுத்து இடம்பிடித்த விளம்பரமாக இருக்கலாம். வங்கிக் கணக்குப் புத்தகத்திலும் அட்டையின் பின்புறத்திலும் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது.

சட்டமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. பதினெட்டு வயது நிறையாதோரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. கடை முகப்பில் கைபேசி எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அப்படிக் கொடுக்கும் எண்கள் விளம்பரத் தளங்களில் பட்டியலாக ஏற்றப்பட்டு, நம் கணக்குடன் பொருத்தப்பட இயலும். நேரில் வாங்கிய செருப்பு திரையில் வருவதற்கு ஒரு காரணம் அது. எங்கள் ஊர்க் கடைகளில் இன்னமும் கேட்கிறார்கள். நாங்களும் பல நேரம் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையாரின் கைபேசியை எடுத்து அமர்ந்தோம். அமைப்புகள் பகுதியில் ‘விளம்பரங்கள்’ என்னும் தலைப்பைத் தேடி, விளம்பர அடையாள எண்ணை நீக்கினோம். இடம் அறியும் அனுமதியைப் பாட்டுச் செயலியிடமிருந்தும், எதற்காகவோ அதைப் பெற்றிருந்த ஒரு பஞ்சாங்கச் செயலியிடமிருந்தும் பறித்தோம். கூகுள் கணக்கின் விளம்பர மையத்தில், அவரைப் பற்றி ஊகித்து வைத்திருந்த தலைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தோம். மோசடி விளம்பரத்தின் படத்துடன் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் பதிந்தோம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்திருப்போம்; அந்த எண்ணைத் தந்தையார் நாட்குறிப்பின் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டார்.

விளம்பரங்கள் நிற்கவில்லை, குறிதான் தவறிப்போயிற்று. இப்போது அவருக்கு டிராக்டர் விளம்பரங்கள் வருகின்றன. மூன்றாம் மாடிக் குடியிருப்பில், நாற்பது குதிரைத்திறனுக்கும் ஐம்பதுக்கும் விலை வேறுபாட்டை ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். அழுத்திப் பார்க்கவில்லை என்று சொல்கிறார்.