ஒரே நாளில் ஒலிம்பிக் தங்கம், ஓவல் டெஸ்ட்... இரண்டிலும் இல்லாத எம்.ஜே.கோபாலன் யார்?

ரஞ்சி டிராபி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் யார் தெரியுமா? மும்பைக்காரரும் இல்லை, டெல்லிக்காரரும் இல்லை. நம்ம ஊர் வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே.கோபாலன். 1909-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மொறப்பாக்கத்தில் பிறந்தவர்.

1934 நவம்பர் 4. சேப்பாக்கத்தில் மெட்ராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. கோபாலன் முதல் ஓவரை வீசினார். ஆனால் அன்றைய ஹீரோ ஏ.ஜி.ராம்சிங். அவர் ஒருவரே 11 விக்கெட் எடுத்தார். மைசூர் 48 ரன், மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. காலையில் ஆரம்பித்த மேட்ச் அன்றைக்கே முடிந்துபோச்சு! ஒரே நாளில் முடிந்த ரஞ்சி போட்டி அது.

(குமரி வாசகர்களுக்கு ஒரு தகவல்: அப்போது நாகர்கோவிலும் தக்கலையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சிக்குள் வந்ததே 1951-52 சீசனில்தான். அதனால் மெட்ராஸ் அன்றைக்கு நமக்குப் பக்கத்து வீட்டு டீம்!)

கிரிக்கெட் ஆடினால் சம்பளம் கிடைக்குமா?

கிடைக்காது. ஐபிஎல் ஏலம், கோடிகளில் ஒப்பந்தம் எல்லாம் கனவில்கூட இல்லாத காலம். நன்றாக ஆடுபவருக்கு ஏதாவது ஒரு கம்பெனி வேலை கொடுக்கும். அந்த வேலைதான் சோறு போடும். கோபாலனுக்கும் அப்படித்தான். மெட்ராஸ் கிரிக்கெட்டில் செல்வாக்காக இருந்த ஆங்கிலேயர் சி.பி.ஜான்ஸ்டன் அவரது பந்துவீச்சைப் பார்த்து, பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் வேலை கிடைக்க வழி செய்தார்.

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராக கோபாலன் டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட் கிடைத்தது. அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான்.

அப்போ ஹாக்கி?

இங்கேதான் கதையே இருக்கு. கோபாலன் அருமையான ஹாக்கி வீரரும்கூட. 1935-ல் தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய ஹாக்கி அணியில் அவரும் இருந்தார். அடுத்த வருஷம் பெர்லின் ஒலிம்பிக். அதே கோடையில் இந்திய கிரிக்கெட் அணிக்கு இங்கிலாந்து டூர். இரண்டில் ஒன்றுதான் போக முடியும்.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இன்றைக்குப் பார்த்தால் 'என்னப்பா இப்படி' என்றுதான் தோணும். ஆனால் அன்று இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பித்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் போய் ஆடுவது எந்த கிரிக்கெட் வீரருக்கும் பெரிய கௌரவம். அதை விட்டுக்கொடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார் விஸ்ஸி. அந்த டூரில் சண்டையும் சச்சரவும்தான் மிச்சம். லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று டெஸ்டில் இரண்டு தோல்வி. கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 15, 1936. லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஆடும் லெவனில் கோபாலன் இல்லை. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஒலிம்பிக் ஹாக்கி ஃபைனல் பெர்லினில் நடந்ததும் அதே நாளில்தான். தயான் சந்த் அணி ஜெர்மனியை 8-1 என நொறுக்கித் தங்கம் வென்றது. நியூசிலாந்து டூரில் ஆடியவர் என்பதால் கோபாலனுக்கும் அந்த அணியில் வாய்ப்பு பலமாகவே இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு?

ஆட்டத்தை விடவில்லை. மெட்ராஸுக்காக 1950-களின் தொடக்கம் வரை ஆடினார். முதல்தரப் போட்டிகளில் 190-க்கும் மேல் விக்கெட் எடுத்தார். பின்னர் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார்.

1952-53 சீசனில் அவர் பெயரிலேயே மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் இடையே 'கோபாலன் டிராபி' தொடங்கியது. ஒரு வீரர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் கோப்பை வருவது சின்ன விஷயமா? இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல்தான். அதுவரை அந்த ஊர் வீரர்களுக்கு இந்தப் போட்டி முக்கியமான களமாக இருந்தது. கோபாலனுக்குக் கிடைக்காத டெஸ்ட் வாய்ப்புகளை யோசித்தால், இது வேடிக்கையான பொருத்தம்தான்.

2003 டிசம்பர் 21-ல் சென்னையில் காலமானார். அப்போது உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் அவர்தான்.