நாடு இருந்தும் நாடில்லாதவர்கள்
68 ஆண்டுகள் காத்திருந்த சிட்மகால் மக்கள்

அவர்கள் சொந்த ஊரில் வாழ்ந்தார்கள். சொந்த நிலத்தை உழுதார்கள். ஆனால் அவர்களுக்கு ஓட்டு இல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடம் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. திருட்டுப் போனால் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையமும் இல்லை. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் 2015-ஆம் ஆண்டு வரை இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

இந்தியாவும் வங்காள தேசமும் சந்திக்கும் எல்லையில், மேற்கு வங்காளத்தின் கூச்பிகார் ஜில்லாவை ஒட்டி இந்த ஊர்கள் இருக்கின்றன. இவற்றுக்குச் "சிட்மகால்" என்று பெயர். சிட் என்றால் துண்டு.

வங்காள தேசத்துக்குள் இந்தியாவுக்குச் சொந்தமான துண்டுகள் 111. இந்தியாவுக்குள் வங்காள தேசத்துக்குச் சொந்தமான துண்டுகள் 51. கடலுக்கு நடுவே தீவுகளைப்போல, ஒவ்வொன்றையும் சுற்றி அயல் நாடு!

ஓர் இடத்தில் பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல் இருந்தது. வங்காள தேசத்துக்குள் ஓர் இந்தியத் துண்டு. அதற்குள் ஒரு வங்காள தேசத் துண்டு. அதற்குள்ளும் இந்தியாவுக்குச் சொந்தமான ஒரு சணல் வயல்! அதன் பரப்பு இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

ராஜாக்கள் வைத்த வினை

கூச்பிகார் மகாராஜாவும் ரங்கபூர் அதிகாரியும் சதுரங்கம் ஆடினார்கள். கிராமங்களைப் பந்தயம் வைத்தார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. அது கதைதான். உண்மையில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொகலாயர்களுக்கும் கூச்பிகாருக்கும் சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்தபோது, எதிரியின் எல்லைக்குள் இருந்த நிலங்கள் சில அவரவர் கையிலேயே தங்கிவிட்டன.

அப்போது யாருக்கும் தொல்லை இல்லை. 1947-இல் தேசம் பிரிந்தது. ரங்கபூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1949-இல் கூச்பிகார் இந்தியாவில் சேர்ந்தது. பழைய வரி நிலங்களின் வரப்பு, இரண்டு தேசங்களின் எல்லை ஆகிவிட்டது!

1952-இல் பாஸ்போர்ட், விசா முறை வந்தது. சிட்மகால்வாசி தன் தாய்நாட்டுக்குப் போக விசா வேண்டும். விசா வாங்கும் ஆபீசுக்குப் போக வேண்டுமானால், முதலில் அயல் நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும். மிதித்தால் குற்றம்!

பொய்ப் பெயர்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தகப்பனார் என்று எழுதினார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள், வேறு ஒருவரைக் கணவர் என்று சொன்னார்கள். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்க, பிள்ளை ஊரான் பெயரைச் சுமந்தது. இதைவிடக் கொடுமை வேறென்ன?

ஒப்பந்தங்கள்

துண்டுகளை மாற்றிக்கொள்ள 1958-இல் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் ஒப்புக்கொண்டார்கள். வழக்குகளும் எதிர்ப்பும் கிளம்பின. காரியம் நடக்கவில்லை. 1971-இல் வங்காள தேசம் பிறந்தது. 1974-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு இந்தியப் பாராளுமன்றம் சம்மதம் தந்தது 2015 மே மாதத்தில்தான். இடையில் 41 ஆண்டுகள்!

2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. 68 ஆண்டுக் காத்திருப்பின் அடையாளமாக 68 மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன.

எந்த நாடு வேண்டும் என்று மக்களையே கேட்டார்கள். பெரும்பாலோர் பிறந்த மண்ணை விடவில்லை. இந்தியப் பக்கத்திலிருந்து ஒருவர்கூட வங்காள தேசத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து தொள்ளாயிரம் பேருக்கு மேல் இந்தியாவுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்குத் தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி ஆகிய ஊர்களின் முகாம்களில் தகரக் கொட்டகைகள்தான் முதலில் கிடைத்தன. நாடு கிடைத்தது, நிலம் போயிற்று.

2016-இல் மேற்கு வங்காளச் சட்டசபைத் தேர்தல் வந்தது. சிட்மகால்வாசிகள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பேரன் பேத்தி எடுத்த முதியவர்களும் உண்டு. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. பக்கத்தில், அவரவருடைய உண்மையான தகப்பனார் பெயரும் இருந்தது.