பத்து ரூபாய் நோட்டும் ஓர் 'எஸ்'ஸும்

தாலுகா ஆபீஸ் எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி, அடித்துக் கொடுத்த மனுவோடு திரும்பி வந்தார்.

"அக்கா, 'மை ஃபைவ் இயர் ஓல்டு சன்'னு இருக்கு. இயருக்கு எஸ் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல தம்பி, நான்தான் விட்டேன்."

"மேல 'மை சன் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்டு'ன்னு எஸ் போட்டிருக்கீங்களே?"

நியாயமான கேள்வி. கல்லாவிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் 'டென் ருப்பீஸ்'. பின்பக்கம் 15 மொழி வரிசையில் தமிழில் 'பத்து ரூபாய்'. நமக்கு ஒன்றும் ரூபாய்தான், பத்தும் ரூபாய்தான். பத்து என்று சொல்லியாயிற்று, அப்புறம் 'கள்' எதற்கு? ஓட்டலில் 'நாலு இட்லிகள்' என்று கேட்டுப் பாருங்கள், சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். மாடு வந்தது, மாடு வந்தன என்று வினையை வைத்தே எண்ணிக்கை தெரிந்துகொள்கிற மொழி நம்முடையது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்.

ஆங்கிலத்துக்கு அந்த நம்பிக்கை கிடையாது. எண்ணைச் சொன்ன பிறகும் எஸ் கேட்கும். ஒன்றரை மணி நேரத்துக்கும் 'அவர்ஸ்'. வேடிக்கை என்னவென்றால், ஒன்றுமே இல்லாத பூஜ்யத்துக்கும் 'ஜீரோ டிகிரீஸ்'தான்! ஆனால் ஹண்ட்ரட், தவுசண்டுக்கு முன்னால் எண் வந்தால் அவற்றுக்கு எஸ் இல்லை. 'டூ தவுசண்ட் ருப்பீஸ்'தான். கடன் பத்திரம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பாதிப் பேர் 'தவுசண்ட்ஸ்' என்று எழுதி வருவார்கள், நான் அழித்துவிடுவேன்.

இனி தம்பியின் கேள்வி. எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக உட்கார்ந்தால், ஆங்கிலமும் நம்மைப் போல ஆகிவிடுகிறது. எஸ் உதிர்ந்து, நடுவில் சிறுகோடு வருகிறது: 'டென்-ருப்பி நோட்', 'ஃபைவ்-இயர்-ஓல்டு சன்'. லீவ் லெட்டரில் 'டூ டேஸ் லீவ்' என்று எழுதுவதும் சரிதான். ஆனால் அங்கே எஸ்ஸுக்குப் பின்னால் மேற்குறி வேண்டும். அது வேற்றுமைக் கணக்கு, இதோடு சேராது.

பழைய ஆங்கிலத்தில் சில பெயர்கள் பன்மையிலும் மாறாமலே இருந்தன. 'நைட்' அப்படிப்பட்டது. 'ஃபோர்ட்டீன் நைட்' தேய்ந்துதான் இரண்டு வாரத்துக்கு 'ஃபார்ட்நைட்' என்று ஆயிற்று. அதற்குள் எஸ்ஸே கிடையாது.

தம்பி மனுவை மடித்துக்கொண்டார். கூலி இருபது ரூபாய். பையிலிருந்து எடுத்து நீட்டியவர், "டூ டென் ருப்பி..." என்று இழுத்து, ஒரு கணம் யோசித்து, "நோட்ஸ்" என்றார்.