ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்

பிள்ளைகள் தொழில் நிமித்தம் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் தங்கிவிட, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக நீண்டு கிடக்கும் வீட்டில் வயோதிகத் தம்பதி மட்டும் வசிக்கும் குடும்பங்கள் எங்கள் கீழச்சிவல்பட்டியில் உண்டு. அவர்களுக்குக் கம்ப்யூட்டரால் ஆகவேண்டிய காரியம், பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, பத்திரிகை வாசிப்பது என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அதற்காக ஓர் ஆபீஸையே நடத்தவல்ல யந்திரத்தை வாங்கி, வைரஸ் புகுந்துவிட்டால் காரைக்குடியிலிருந்து ஆள் வரும்வரை துணி போட்டு மூடிவைப்பது அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களுள் முக்கியமானவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கி, 2001-இல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இன்டர்நெட் வர வழிசெய்த குழுவின் தலைவர் அவர். தொழிலதிபர் ராஜேஷ் ஜெயின் முதலியோருடன் அவர் சேர்ந்து சென்னையில் தொடங்கிய நோவாட்டியம் நிறுவனம், சுமார் நூறு டாலர் விலையை இலக்காகக் கொண்டு 'நோவா நெட்பிசி' என்ற சிறு பெட்டியை வெளியிட்டது.

பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. செல்போனுக்கு உரிய ரகத்து மலிவான சிப்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு கிணறு வெட்டாமல் ஊருணியில் குடம் முகந்து வருவதுபோல, கணக்கிடும் வேலையும் சேமிக்கும் வேலையும் எங்கோ உள்ள சர்வரில் நடக்க, பெட்டி அதன் பலனை மட்டும் பெற்றுக் காட்டியது. கீபோர்டில் 'அ' என்று தட்டினால், அந்தத் தட்டல் கம்பி வழியே சர்வரை அடைந்து, அங்கே எழுத்தாகி, எழுத்து விழுந்த திரையின் படமாகத் திரும்பி வந்து நம் கண்முன் தோன்றும். இத்தனை யாத்திரையும் இமைப்பொழுதில் முடிந்துவிடும். விலைக் குறைவைவிட, வைரஸைத் தடுப்பதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் சர்வரைப் பராமரிப்பவரின் பொறுப்பாகிவிடுவதையே நான் பெரிய சௌகரியமாகக் கருதுகிறேன். சாமானியரைக் கம்ப்யூட்டரிடமிருந்து விலக்கி வைத்தது விலை மாத்திரமல்ல, அதைப் பராமரிக்கும் பயமுந்தான்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்து இந்தப் பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் அச்சிறு திரையில் வங்கிக் கணக்கை வாசிக்க முதிர்ந்த கண்கள் படும் சிரமத்தைப் பார்த்தவர்கள், நோவாவின் யோசனை வீணானது என்று சொல்லமாட்டார்கள். 2025-இல் ஜியோ நிறுவனம், டி.வி.யோடு இணைந்த செட்-டாப் பாக்ஸையே கம்ப்யூட்டராக்கும் 'ஜியோபிசி'யை அறிமுகம் செய்தபோது, அதே தத்துவந்தான் மறுபடி வெளிவந்தது. கீபோர்டும் மவுஸும் செருகினால் போதும். மாதச் சந்தா உண்டு. ஆனால் லைன் அறுந்த நாளில் இத்தகைய யந்திரம் பெரும்பாலும் வெறும் கண்ணாடியே. ஆகையால் வாங்க நினைப்பவர்கள் பெட்டியின் விலையை விசாரிக்குமுன், தங்கள் தெருவுக்குக் கேபிள் ஒழுங்காக வருகிறதா, அறுந்தால் எத்தனை நாளில் ஒட்டுவார்கள் என்பதை விசாரிப்பது நலம்.